உன் நம்பரையே போட்டுரும்மா

திண்டுக்கல் சாலையில் பரவையைத் தாண்டி இருக்கும் அந்த மிஷன் மேல்நிலைப் பள்ளியை நடத்துகிறவர் தாளாளர் சத்தியசீலன் என்று வாசல் பலகை சொல்லும். தலைமையாசிரியர் ஸ்டீவ் என்று அதற்குக் கீழே இன்னொரு வரி சொல்லும். பலகையை நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும். அவர்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் லீவு போட்டால் பள்ளிக்கூடம் தன் பாட்டுக்கு நடக்கும். அலுவலக எழுத்தர் பெர்சி ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் முப்பத்தெட்டு ஆசிரியர்களும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். பாஸ்வேர்டு எல்லாம் பெர்சியிடம் இருந்தது.

வருகைப் பதிவுக்கு ஒரு தளம், மதிப்பெண்ணுக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று, சைக்கிள் பட்டியலுக்கு ஒன்று. இது போக ஆசிரியர்களின் சம்பளச் சீட்டு, பயிற்சி வகுப்பு, அவரவர் மெயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று அது கேட்கும், மாற்றிவிட்டு மறந்துபோவார்கள், பெர்சியிடம் ஓடி வருவார்கள். அவளும் எங்கெங்கோ எழுதி வைத்திருந்தாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் கொஞ்சம், வேத வசனக் காலண்டரின் முதுகில் கொஞ்சம், ஆய்வகத்து லேப்டாப்பில் கொஞ்சம், தலைமையாசிரியரின் டேப்லெட்டில் கொஞ்சம். அவள் போனில் 'சைக்கிள் மாமா' என்று ஒரு பெயர் இருக்கும். அப்படி ஒரு மாமா கிடையாது. அது சைக்கிள் தளத்தின் பாஸ்வேர்டு.

இப்படி ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவள் போக வேண்டும்.

அவள் கணவன் ஆலன் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்தான். கல்யாணமாகி நான்கு வருஷம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை வருவான், ஞாயிறு சாயங்காலம் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவான். நான்கு வருஷத்தில் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஏழு மாதம் தேறினால் பெரிய விஷயம். இப்போது அங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

அசல் சான்றிதழ்கள் அவளிடம் இல்லை. வேலைக்குச் சேரும்போது அதை வாங்கி வைத்துக்கொள்வது நிர்வாகத்தின் வழக்கம். பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரைக்கும் அவள் படித்த படிப்பு முழுவதும் தாளாளர் அறையின் இரும்பு பீரோவில், ஒரு பழுப்புக் கவருக்குள் ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

ராஜினாமாக் கடிதத்தைத் தாளாளர் இரண்டு முறை படித்தார்.

"போறதை யாரும்மா தடுக்கப்போறா? கர்த்தர் ஒரு கதவைத் தொறந்தா நாம அடைக்க முடியுமா?" என்றார். "ஆனா ஒண்ணு விடாம ஒப்படைச்சுட்டுப் போங்க. புதுசா வார பிள்ளை என் கண்ணு முன்னால அம்புட்டையும் தொறந்து காட்டணும். காட்டுன நிமிஷம் நான் பீரோவைத் தொறந்துருவேன்."

கர்த்தர் திறந்த கதவுக்குச் சாவி தாளாளரிடம் இருந்தது.

அன்று போனில் ஆலனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "இதுக்குப் போயி ஏன் பயப்படுற? எங்க கம்பெனியில எல்லாத்தையும் ஒரே பெட்டகத்துல போட்டு வச்சிருக்கோம். ஒரு ஆப்பு. உள்ள நூறு பாஸ்வேர்டு இருந்தாலும் வெளிய ஒரே ஒரு பாஸ்வேர்டுதான். கம்ப்யூட்டர், போன், டேப்லெட்டு எதுல தொறந்தாலும் அதுவே போட்டுக்கும். அதுல ஏத்தி, சாவியைக் குடுத்துட்டு வந்துரு."

பெர்சி பத்து நாள் வேலை செய்தாள். காலண்டரைத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கி, பழைய டைரிகளைத் தட்டி, ஒவ்வொரு ஆசிரியராகப் பிடித்து உட்கார வைத்து வாங்கினாள். மனிதர்களின் லட்சணம் அவர்கள் பாஸ்வேர்டில் தெரியும். பாதிப் பேருக்கு இயேசுவின் பெயரும் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். விசுவாசம் இருக்கிறது, கற்பனைதான் இல்லை. விளையாட்டு ஆசிரியர் ராம்கிக்கு அவர் பைக் நம்பர். தமிழாசிரியை ரெங்கம்மாளுக்கு மருமகளின் பெயர். இவ்வளவு பிரியமா என்று பெர்சி கேட்டதற்கு, "தெனமும் அதைக் குத்திக் குத்தி அடிக்கலாம்ல" என்றார். தலைமையாசிரியர் ஸ்டீவுக்குத் தான் ஓய்வுபெறும் தேதி. அதை அடிக்கும்போதெல்லாம் மனிதர் முகம் மலரும்.

எல்லாம் சேர்ந்து நூற்றுப் பதினேழு. அத்தனையையும் பெட்டகத்தில் ஏற்றி, அலுவலகக் கம்ப்யூட்டர், ஆய்வக லேப்டாப், தலைமையாசிரியரின் டேப்லெட் மூன்றிலும் திறந்து பார்த்தாள். நான்காவதாகப் புதுப் பெண்ணின் போனிலும் போட்டுக் கொடுத்தாள்.

புதுப் பெண்ணின் பெயர் சுபலட்சுமி. இருபத்து மூன்று வயது. சோழவந்தானுக்கு மேற்கே வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்திருக்கிற விருமாண்டி என்பவரின் மகள். பி.காம். முடித்தவள். வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் எல்லா டீச்சர்களின் பெயரும் அவளுக்கு அத்துப்படி.

"ஒரு வருஷந்தான் அக்கா," என்றாள் முதல் நாளே. "குரூப் ஃபோர் எழுதியிருக்கேன். ரிசல்ட் வார வரைக்கும் வீட்டுல சும்மா இருக்க வேணாம்னு வந்தேன்."

பெர்சியும் ஒரு வருஷத்துக்கென்றுதான் வந்தாள். அதை அவள் சொல்லவில்லை. முதல் நாளே ஒரு பெண்ணை எதற்குப் பயமுறுத்த வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தாளாளர் அறையில் ஒப்படைப்பு. தாளாளர் நாற்காலியில், ஸ்டீவ் சார் பக்கத்தில், பெர்சி தோளில் கைப்பையோடு சுவரோரமாக. சுபலட்சுமி போனைத் திறந்து வருகைப் பதிவுத் தளத்தைத் தொட்டாள். பாஸ்வேர்டு தானாகப் போய் உட்கார்ந்தது.

"அடேங்கப்பா," என்றார் தாளாளர்.

திரையில் இன்னொரு வரி வந்தது. பதிவுசெய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது. பெர்சியின் கைப்பைக்குள் 'டிங்' என்றது.

உதவித்தொகைத் தளத்தைத் திறந்தாள். டிங். மதிப்பெண் தளம். டிங். ஸ்டீவ் சாரின் சம்பளச் சீட்டு. டிங்.

"பெர்சியோட பையி நல்லா பதில் சொல்லுதே," என்று ஸ்டீவ் சார் சிரித்தார். தாளாளர் சிரிக்கவில்லை.

தினமும் வந்துகொண்டிருந்ததுதான். ஒரு நாளைக்கு நாற்பது முறை அந்தச் சத்தத்தைக் கேட்டு, நாற்பது முறை ஆறு எண்களைச் சொல்லிச் சொல்லி, அது தன்னுடைய போன் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடின கதைதான். நூற்றுப் பதினேழு பாஸ்வேர்டையும் ஒரு பெட்டியில் அடைத்தவள், நூற்றுப் பதினேழும் ஒரே நம்பரில் தொங்குகிறது என்பதை யோசிக்கவில்லை.

எப்படி வந்தது இந்த வினை? ஒவ்வொரு தளமும் திறக்கும்போது ஒரு செல் நம்பர் கேட்கும். கண்ட கண்ட ஆட்கள் கூப்பிடுவார்கள் என்று டீச்சர்களுக்குப் பயம். "உன் நம்பரையே போட்டுரும்மா" என்பார்கள். அவளும் போட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. பெர்சி எங்கே, பெர்சியைக் கூப்பிடு என்று முப்பத்தெட்டு பேரும் தேடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் ரொம்பவே பிடித்திருந்தது. இரண்டு வருஷம் போனதும் யாரும் கேட்காமலே தானாகப் போட ஆரம்பித்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது வேறு யாருமில்லை.

"அப்ப இது ஒப்படைச்ச கணக்குல வராதே," என்றார் தாளாளர். பிறகு ரொம்ப சுலபமான விஷயம்போல, "சிம்மைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிருங்க," என்றார்.

"சார், ஆதார், பேங்க், கேஸ் எல்லாம் இதுலதான் சார் இருக்கு. காலேஜ்ல இருந்து கூப்பிடுறதும் இந்த நம்பர்தான்."

"அப்ப என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துப் பேர்ல ஒரு சிம் வாங்கிரலாம் சார். இன்னைக்கே மாத்திருவேன்."

தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார். "பள்ளிக்கூடத்துப் பேர்லன்னா சும்மாவா? கமிட்டி கூடித் தீர்மானம் போடணும். யார் கையெழுத்து, யார் பொறுப்புன்னு பேசணும். கமிட்டி அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு. அது வரைக்கும் இருங்களேன்."

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. இந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கோயம்புத்தூரில் வேறு யாரோ அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆலன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்துகொண்டே இருப்பான்.

"சார், உங்க நம்பரைப் போட்டுக்கலாமா?"

"என் நம்பரைக் கர்த்தரோட ஊழியத்துக்குன்னு வச்சிருக்கேம்மா."

ஸ்டீவ் சார் அவள் திரும்புவதற்கு முன்னாலேயே கையெடுத்துக் கும்பிட்டார். "நான் ரிட்டயராகப்போறவன் தாயி."

மத்தியானம் ஆசிரியர் அறைக்குப் போனாள். அவரவர் கணக்கை அவரவர் நம்பருக்காவது மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். கேட்டாள் என்ன, கெஞ்சினாள். டிபன் பாக்ஸ்களுக்கு மேலே குனிந்த தலைகள் நிமிரவில்லை. "நான் கிரவுண்டுல நிப்பேன், போனு ரூம்ல கெடக்கும், சரிப்படாதும்மா," என்றார் ராம்கி. ரெங்கம்மாள் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடிபியை மட்டும் யாருக்கும் சொல்லிறாதன்னு எம் மகன் சத்தியமே வாங்கிருக்கான் பெர்சி. எனக்கு இந்த வம்பெல்லாம் வேணாம். நீ இருக்கும்போது எனக்கென்ன?" ஒன்பது வருஷமாகப் பெர்சியின் வாயால் ஓடிபி கேட்டுக்கொண்டிருக்கிற மனுஷி சொல்கிறார். இவர்களுக்கா ஓடி ஓடி உழைத்தோம் என்று பெர்சிக்கு வயிறு எரிந்தது. விறுவிறுவென்று அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சுபலட்சுமி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, ஏன் இம்புட்டு கஷ்டப்படுறீக? எல்லாத்துக்கும் என் நம்பரைப் போட்டுக்கலாமே. எப்படியும் நாந்தானே பாக்கப்போறேன்?"

பெர்சி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் கள்ளம் கபடம் ஒன்றுமில்லை. உதவி செய்யக் கிடைத்ததே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கா விஷயமில்லை? ஒன்பது வருஷமாகப் போனை அணைத்துவிட்டுத் தூங்கியதில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்போது, தலையில் முக்காட்டோடு திரும்பி நின்று போனில் ஆறு எண்களைச் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். கேட்டவர் முதலில் எண்ணை எழுதிக்கொண்டு, பிறகுதான் துக்கம் விசாரித்தார். ஒரு வருஷத்துக்கென்று வந்தவளை இந்த நம்பர்தான் ஒன்பது வருஷம் கட்டிப்போட்டது, உன்னையும் கட்டிப்போடும் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் வாசலில் நின்றார். "கேட்டீங்களா பெர்சி? பிள்ளைக்கு எம்புட்டுப் பொறுப்புன்னு பாருங்க. இதுக்குப் போயி காலையில இருந்து ஊரைக் கூட்டிட்டீங்க."

கைப்பையில் டிங் என்றது. ஓடிபி இல்லை, ஆலன். வாடகைக்குப் பார்த்த வீட்டின் சாவி கிடைத்துவிட்டது, அடுப்படி சின்னது, ஆனால் நல்ல வெளிச்சம் என்று எழுதியிருந்தான்.

பெர்சி அதை இரண்டு முறை படித்தாள்.

"நம்பரைச் சொல்லு சுபா," என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொடங்கிய வேலை சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இழுத்தது. ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் பெர்சியின் போனில் டிங், பிறகு சுபலட்சுமியின் போனில் டிங். பழைய நம்பர் விடைபெறும், புது நம்பர் உட்காரும். கொஞ்ச நேரத்தில் சுபலட்சுமிக்குப் பழகிவிட்டது. சத்தம் வரும்போதே எண்ணைச் சொல்லிவிட்டாள். நடுநடுவே ஒரு டீச்சர் எட்டிப் பார்த்து, "இனிமே நீதானாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். "ஆமா டீச்சர்" என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் பெர்சி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறுபதாவது கணக்கு வாக்கில் ஒருமுறை வாயைத் திறந்தாள். "சுபா…"

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. டீ சாப்பிடுறியா?"

சாப்பிடலாம் என்றாள் சுபலட்சுமி.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு மறுபடியும் தாளாளர் அறை. சுபலட்சுமி திறந்து காட்டினாள். இந்த முறை சத்தம் அவள் கையிலேயே வந்தது. தாளாளர் திருப்தியாகத் தலையாட்டி, எழுந்து பீரோவைத் திறந்தார். பழுப்புக் கவரை எடுத்துத் தூசியைத் தட்டிப் பெர்சியிடம் நீட்டினார். "போற இடத்துல கர்த்தருக்குச் சாட்சியா இருங்க," என்றார். அவள் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு தாளும் குறையவில்லை.

பீரோவை மூடப்போனவர் நின்று திரும்பினார். "சுபலட்சுமி, ஒரிஜினல் கொண்டாரச் சொன்னேனே?"

"கொண்டாந்திருக்கேன் சார்." ஒரு பிளாஸ்டிக் ஃபைலை அவள் இரண்டு கையாலும் கொடுத்தாள். கவர் இருந்த இடத்திலேயே தாளாளர் அதை வைத்தார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பெர்சி ஓரடி தள்ளித்தான் நின்றாள். அப்போதும் சொல்லவில்லை. கவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வாயைத் திறந்தால் அதைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் எல்லாரிடமும் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டாள்.

ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வாடிப்பட்டி தாண்டியது, திண்டுக்கல் தாண்டியது. போன் பேசவே இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று மூன்று முறை எடுத்துப் பார்த்தாள். கெடவில்லை. அவளை யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். ஒட்டன்சத்திரம் வரும்போது சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினாள், வாங்கிக்கொண்டாள்.

தாராபுரத்துக்கு முன்னால் போன் அடித்தது. சுபலட்சுமி.

"அக்கா, பஸ்ல இருக்கீகளா? தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க. ஒரே ஒரு சந்தேகம்."

"சொல்லு சுபா."

"நாளைக்கு எங்க குலசாமி கும்பிடு அக்கா. வருஷத்துக்கு ஒருநா. பரீட்சை எழுதுறப்பவே பொங்கல் வைக்கிறேன்னு நேந்திருக்கேன். கோயில் மலையடியில இருக்கு, டவரே எடுக்காது. ஸ்டீவ் சாரு நாளைக்கு உதவித்தொகை லிஸ்ட்டு ஏத்தணுங்கறாரு. கடைசி நாளாம். கோயிலுக்குப் போறேன்னு சொன்னதுக்கு, பெர்சியைக் கேட்டுக்கம்மா, அது எப்படிச் சமாளிச்சுச்சுன்னு சொல்லும்னாரு." அவள் குரல் கொஞ்சம் தயங்கியது. "போகட்டுமா அக்கா? வேணாமா?"

பஸ் ஒரு லாரியை முந்தியது. பெர்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

போனை அணைத்து வீட்டில் போட்டுவிட்டுப் போ என்று சொல்லலாம். திங்கட்கிழமை காலையில் உன் நம்பரை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிம் வாங்கச் சொல், அவர்கள் வாங்கட்டும் என்று சொல்லலாம். இப்போது பெர்சியை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சான்றிதழ் மடியில் இருக்கிறது. ஆனால் சுபலட்சுமி கையை விரித்தால் அவர்கள் அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள்? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான்கு வருஷத்தில் ஆலன் கூடவே இருந்து, சாயங்காலம் பஸ் ஏறிப் போகாத முதல் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குப் பயமாக இருந்தது.

"போயிட்டு வா சுபா. சாமி காரியம், போகாம இருக்காத," என்றாள். அவள் குரல் அவளுக்கே அவ்வளவு அன்பாகக் கேட்டது. "பொங்கலை எறக்குன உடனே, டவர் கிடைக்கிற எடமாப் பாத்து வந்து நின்னுக்க."

"எம்புட்டு நேரம் அக்கா நிக்கணும்?"

"அவுங்க கூப்பிடுற வரைக்கும்."

"சரிக்கா," என்றாள் சுபலட்சுமி. "நல்லவேளை உங்ககிட்டக் கேட்டேன்."